மாமாவின் ஜென்னுக்குக் கிளட்ச் வந்த கதை

ஆட்டோமேட்டிக் காரைக் கியர் வண்டியாக மாற்றப் போகிறேன் என்று பெங்களூரில் யாரிடமாவது சொன்னால், அவர் முதலில் உங்கள் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பார். மாலை ஆறு மணிக்குச் சில்க் போர்டு சந்திப்பில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்தவர்களின் ஊர் இது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் எல்லோரும் இரண்டு பெடல் வண்டிக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, இருக்கிற இரண்டோடு மூன்றாவது பெடலைச் சேர்க்கப் போகிறவனை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? என் மைத்துனர் மரியாதையாகவே கேட்டார்: "வீட்டில் உங்களுக்கு வேறு வேலை எதுவும் இல்லையா?"

ஓட்டும் சுகத்துக்காக இதைச் செய்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. எனக்கு இருந்த காரணம் மிகவும் வறண்டது. வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி செத்துவிட்டது. அதைப் பிழைக்க வைக்கத் தேவையான பாகம் இந்த ஊரில் இல்லை. பக்கத்து ஊர்களிலும் இல்லை.

வண்டி, என் தாய்மாமாவுடைய 1998-ஆம் ஆண்டு மாருதி ஜென். மாமாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இடது கால் பலமிழந்துவிட்டது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வேலை. பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரில்தான் காக்ஸ் டவுனிலிருந்து அலுவலகம் போய் வந்தார். ஜூலை மழையில் நனைந்துகொண்டே போவதைப் பற்றி அவர் ஒருநாளும் புலம்பியதில்லை, ஆனால் ஆட்டோமேட்டிக் ஜென் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சேமிப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டார். அன்றைக்குச் சின்னக் கார்களில் ஆட்டோமேட்டிக் என்பது அபூர்வம். பெரிய பணக்காரர்களும், மாமாவைப் போலக் காலில் குறை உள்ளவர்களும்தான் அதைத் தேடினார்கள். வலது கால் ஒன்றை வைத்தே ஓட்டலாம் என்பது அவருக்கு எத்தனை பெரிய விஷயமாக இருந்தது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை, திருப்பதி, நந்தி மலை என்று சுற்றினார். அதில் முன் சீட்டுக்கு அத்தையோடு போட்டி போட்டவன் நான்.

ஜென் நல்ல வண்டி. 1993-இல் இந்தியச் சாலைக்கு வந்தது. 993 சிசி, முழு அலுமினிய எஞ்சின், கார்புரேட்டர் காலத்தில் 50 குதிரைத்திறன். ஐரோப்பாவுக்கு சுஸுகி ஆல்டோ என்ற பெயரில் ஏற்றுமதியும் ஆனது. ஆட்டோமேட்டிக்கில் மூன்றே கியர். பெங்களூரோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அந்த அளவுக்கு அடர்த்தி குறைந்திருப்பதால் எஞ்சின் தன் பலத்தில் எட்டு, ஒன்பது சதவீதத்தை இங்கே இழந்துவிடும். மிச்சத்தில் ஒரு பங்கை, எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெயால் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர், அந்த எண்ணெயைக் கலக்கியே சூடாக்கித் தீர்க்கும். நந்தி மலை ஏறும்போது நாங்கள் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே முன்னால் சாய்ந்து வண்டிக்கு உதவி செய்வோம்.

அந்தப் பெட்டி செத்தது ஒரே நாளில் அல்ல. முதலில் லிவரை 'டி'யில் போட்டால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. பிறகு இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் அலறியது, வேகம் ஏறவில்லை. கடைசியில் ரிவர்ஸ் பிடிப்பதே நின்றுபோனது. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது, கருகிய வாடையோடு. மேற்கொண்டு சோதனை எதுவும் தேவையில்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் செய்தது புரியாது. கியர் வண்டியில் எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்ப்பது, பிரிப்பது இரண்டையும் கிளட்ச் பிளேட் செய்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் சுழற்றும் ஒரு விசிறி எண்ணெயை வீச, அந்த எண்ணெய் எதிரிலிருக்கும் இன்னொரு விசிறியைத் தள்ளும். நடுவில் இரும்போடு இரும்பு சேர்வதில்லை, ஆகவே சிக்னலில் நின்றாலும் எஞ்சின் அணையாது. அதற்குப் பின்னால் ஒரு பல்சக்கரம் நடுவிலும் சில சக்கரங்கள் அதைச் சுற்றியும் ஒரு வளையம் வெளியிலுமாக அமைந்த கூட்டம். அதில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுற்ற விடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் மாறும். பிடித்து நிறுத்துவது சின்னச் சின்ன உராய்வுத் தட்டுகளும் பட்டைகளும். அவற்றின் மேற்பூச்சு காகித நாரால் ஆனது. எண்ணெய் சூடேறி, அழுத்தம் குறைந்து, பிடி நழுவினால் அது கருகும். கருகிய தூள் எண்ணெயில் கலந்து வால்வுகளின் நுண்துளைகளை அடைக்கும். அடைத்தால் அழுத்தம் இன்னும் குறையும். ஆரம்பித்துவிட்டால் நிற்காத சுற்று அது.

அந்த உராய்வுத் தட்டுகள்தான் கிடைக்கவில்லை. ஆட்டோமேட்டிக் பெட்டி பார்க்கும் பட்டறைகள் பெங்களூரில் குறைவில்லை. எல்லாம் ஜெர்மன் வண்டிகளுக்கு. ஒரு பட்டறையில் வண்டியைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை, அதுவே பெரிது. பெட்டியை இறக்கித் திறந்து பார்க்கவே வண்டியின் சந்தை விலையில் பாதியைக் கேட்டார்கள், பாகத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் ஜென்னுக்கு எதைக் கேட்டாலும் உள்ளே போய் எடுத்து வருவார்கள். "ஆட்டோமேட்டிக்" என்ற சொல்லைச் சேர்த்ததும் கை விரியும். பழைய பெட்டி ஒன்று எங்கோ கிடைத்தாலும் அதற்கும் இதே வயதுதான், அதன் காகிதத் தட்டுகளும் இதே எண்ணெயில்தான் ஊறியிருக்கும்.

லட்சக்கணக்கில் விற்ற ஜென்களில் கையால் கியர் மாற்றும் ஐந்து கியர் பெட்டி, அதாவது 'கைப்பெட்டி' வைத்த வண்டிகளே பெரும்பான்மை. அதன் கிளட்ச் பிளேட்டை ஓசூர் சாலையில் எந்த மூலையிலும் வாங்கலாம், கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்தத் தொழில்நுட்பம் உயர்ந்தது என்று விவாதிக்காதீர்கள். எதன் பாகம் காயலான் கடையில் குவிந்திருக்கிறதோ அதுவே உங்கள் வண்டிக்கு ஏற்ற தொழில்நுட்பம்.

ஆனால் வண்டி மாமாவுடையது. கிளட்ச் வைத்துவிட்டால் அவரால் அதை ஓட்ட முடியாது. அவருக்காகவே வாங்கிய வண்டியிலிருந்து அவரையே இறக்கிவிடும் வேலை இது, இதை எப்படிப் போய்ச் சொல்வது என்று நான் இழுத்தடித்தேன். அத்தைதான் போட்டு உடைத்தார். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எடைக்குப் போட்டால் யாருமே ஓட்ட முடியாது. நீ ஓட்டு. பின் சீட்டு ஸ்பிரிங் குத்துகிறது, அதையும் சேர்த்துச் சரிசெய்" என்றார். எப்போதுமே அவர் சம்மதிக்கும்போது கூடவே ஒரு வேலையும் வைப்பார்.

எங்கள் மேஸ்திரிக்குச் சொந்த ஊர் குடியாத்தம், பட்டறை லிங்கராஜபுரத்தில். அவருடைய முதல் யோசனை, கைப்பெட்டி ஜென் ஒன்றின் எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்தே தூக்கிவந்து வைத்துவிடுவது. ஒட்டியிருக்கும் இரண்டையும் பிரிக்காமல் மாற்றுவதால் பாதி வேலை மிச்சம். நான் மறுத்துவிட்டேன். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, சான்றிதழில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் வேறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை இறுக்கமாகவே உறுதி செய்தது. எங்கள் சான்றிதழில் எஞ்சின் எண், சேசிஸ் எண், சிசி, எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, நிறம் எல்லாம் உண்டு. கியர்பெட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்காக இது முழுக்க வெளிச்சமான பாதை என்று சொல்ல மாட்டேன். வேலை தொடங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டேன், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கி வைத்தேன். பதினைந்து ஆண்டு கடந்த கார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அந்த வரிசையில் நின்றபின் காகிதம் இல்லை என்று திரும்பி வருவதைவிட, முன்பே ஒரு கடிதம் எழுதிவிடுவது மலிவு.

அடுத்தது பாகம் கழற்றும் வண்டி. இதில் ஒரே விதி: கியர்பெட்டியை மட்டும் வாங்காதீர்கள், முழு வண்டியின் முன்பாதியையே வாங்குங்கள். தனித்தனியாகச் சேர்க்கப் போனால், இரண்டு ரூபாய்க் கிளிப் ஒன்றுக்காக ஒரு வாரம் வேலை நிற்கும். சிவாஜிநகரில் குஜ்ரி என்கிற பழைய பொருள் சந்தையில் தெரிந்த பாய் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். தமிழ், கன்னடம், தக்கினி உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுபவர், விலை சொல்லும்போது மட்டும் சுத்தத் தமிழ். அவரிடம் வந்த ஜென்களில் துரு பிடிக்காத பெட்டி அமையவில்லை. கடைசியில் சென்னைக்கே போனேன். புதுப்பேட்டையில் வண்டி கழற்றும் கடைகள் ஒரு தனி உலகம். கூவத்தின் கரையோரம் கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, கியர்பெட்டி ஒரு கடை என்று அடுக்கியிருப்பார்கள். பின்னால் லாரி இடித்து நொறுங்கிய ஜென் ஒன்று, முன்பக்கம் கீறல் இல்லாமல் கிடைத்தது. பெட்டியின் உள்தண்டைக் கையால் சுற்றி, ஒவ்வொரு கியராக விழவைத்துப் பார்த்து, வடித்த எண்ணெயைக் காந்தத்தால் துழாவிய பிறகே பணம் கொடுத்தேன். மெல்லிய சாம்பல் பசை ஒட்டினால் பயமில்லை, இரும்புச் சில்லு ஒட்டினால் வேண்டாம்.

என்னென்ன கழற்றிக்கொண்டு வந்தோம் என்பதை எழுதினால் மளிகைச் சீட்டு ஆகிவிடும். பெட்டி, எஞ்சின் முனையில் மாட்டும் கனச்சக்கரமான ஃப்ளைவீல், ஆக்சில் இரண்டும், பெட்டியைத் தாங்கும் மவுண்ட், கியர் லிவரும் அதன் கம்பிகளும், ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் கேபிள், பெடல் தொகுதி. இவற்றில் பெடல் தொகுதியைத்தான் பெரும்பாலும் மறப்பார்கள், நான் அறிந்தவரை அதுதான் இந்த வேலையின் மிகக் கொடுமையான பகுதியும். ஆட்டோமேட்டிக்கின் அகலமான பிரேக் பெடலைக் கழற்றி, பிரேக்கும் கிளட்சும் சேர்ந்த தொகுதியை டேஷ்போர்டுக்கு அடியில் மாட்ட வேண்டும். மேஸ்திரியின் பையன் சீட்டைக் கழற்றிவிட்டுத் தலைகீழாகப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வேலை செய்தான். கேபிள் எஞ்சின் பக்கம் போக வேண்டிய இடத்தில், தகட்டில் துளை வெட்டாமல் வட்ட அச்சு மட்டும் இருந்தது. ஒரே உடலைத்தான் இரண்டு வகைக்கும் தயாரித்திருக்கிறார்கள். அந்த அச்சைப் பார்த்ததும் மேஸ்திரி, வண்டியே வழி விட்டுவிட்டது என்றார். வெட்டிய விளிம்புக்குத் துருப்பூச்சு அடித்து ரப்பர் வளையம் போடாவிட்டால், சில மாதத்தில் அந்தத் தகடே கேபிளை அறுத்துவிடும்.

பிரேக் பெடலில் கை வைத்தால், அழுத்துக் கம்பியின் நீளத்தையும் பிரேக் விளக்கு சுவிட்சையும் புதிதாகச் சரிபார்த்தே ஆக வேண்டும். கிளட்ச் பிசகினால் வண்டி நகராது, அவ்வளவுதான். பிரேக் பிசகினால் நிற்காது.

பழைய பெட்டி இறங்கியதும், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் முனையில் இருந்தது வெறும் மெல்லிய தகடு, அதன் விளிம்பில் ஸ்டார்ட்டருக்கான பற்கள். எண்ணெய் நிரம்பிய கன்வர்ட்டரே கனமாக இருப்பதால் ஆட்டோமேட்டிக்குத் தனியாக ஃப்ளைவீல் தேவையில்லை. இப்போது அந்த இடத்தில் கனமான வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் வர வேண்டும். தகட்டைப் பிடித்திருந்த போல்டுகளையே திரும்பப் போட்டால் வேலை கெட்டது. தகடு மெல்லியது என்பதால் அவை குட்டை, ஃப்ளைவீலின் கனத்தைத் தாண்டிப் போதிய மரை பிடிக்காது. ஃப்ளைவீலுக்கு உரிய நீள போல்டுகளைப் புதிதாக வாங்கி, டார்க் ஸ்பேனரால் எதிரெதிராக இறுக்கினோம். அதற்கு முன்பு ஃப்ளைவீலின் முகத்தை வில்சன் கார்டனில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து மெல்லியதாகச் சீவி வாங்கினேன். திறந்தது திறந்தபடி இருக்கும்போதே கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் நான்கையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும். அதில் மிகவும் மலிவானது ரிலீஸ் பேரிங். அது கத்த ஆரம்பித்தால் மொத்தப் பெட்டியையும் மறுபடி இறக்க வேண்டும்.

கிளட்ச் பிளேட்டை நடுமையத்தில் நிறுத்தக் கருவி விற்கிறது. மேஸ்திரி அதை வாங்கியதே இல்லை. பல் தேய்ந்த பழைய பெட்டியிலிருந்து அறுத்த உள்தண்டு ஒன்று பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதைப் பிளேட்டுக்குள் செருகி, பிரஷர் பிளேட்டை இறுக்கிவிட்டு உருவினார். பெட்டி ஒரே தள்ளலில் உட்கார்ந்தது.

மின்சார வேலை சின்னது, ஆனால் யோசிக்க வேண்டியது. ஆட்டோமேட்டிக் வண்டி 'பி'யிலோ 'என்'னிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். லிவரோடு இருக்கும் சுவிட்ச் அதைக் காவல் காக்கிறது. பெட்டியோடு அந்தச் சுவிட்சும் போய்விட்டதால், சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் வராது. பலர் அந்த இரண்டு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும், கியரில் இருந்தாலும் ஆகும், சுவரை நோக்கி ஒரு குதி குதிக்கும். நாங்கள் அந்தக் கம்பிகளைக் கிளட்ச் பெடலில் வைத்த சுவிட்சுக்கு இழுத்தோம். கிளட்சை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். ரிவர்ஸ் விளக்கின் கம்பி புதிய பெட்டியின் சுவிட்சுக்குப் போனது. ரேடியேட்டரின் அடித்தொட்டியில் ஆட்டோமேட்டிக் எண்ணெயைக் குளிர்விக்கும் இரண்டு குழாய் முனைகள் இருந்தன, மூடி போட்டோம்.

கார்புரேட்டர் வண்டி என்பதால் இத்தோடு தப்பித்தோம். இன்றைய வண்டிகளில் எஞ்சினின் கணினியும் பெட்டியின் கணினியும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். ஒன்றைக் கழற்றினால் மற்றது முரண்டு பிடித்து வேகத்தை முடக்கும், டேஷ்போர்டில் விளக்குகளாக எரியும். அந்த வகை வண்டியில் இந்த வேலையைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

பெட்டிக்கு எண்ணெய் ஊற்றுமுன் கடையில் ஒரு தகராறு. கடைக்காரர் ஜிஎல்-5 என்ற வகை கியர் எண்ணெயைத் தந்து, எண் பெரிது, தரமும் பெரிது என்றார். ஜிஎல்-5-இல் கந்தகச் சேர்மங்கள் அதிகம், அவற்றில் சில பித்தளையை அரிக்கும். கியர் கரகரக்காமல் விழுவதற்குக் காரணமான சிங்க்ரோ வளையங்கள் பித்தளைதான். 1928-இல் காடிலாக் அந்த ஏற்பாட்டைக் காரில் கொண்டுவருவதற்கு முன், ஓட்டுநர்கள் ஒவ்வொரு கியருக்கும் இரண்டு முறை கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தார்கள். நான் கந்தகம் குறைந்த ஜிஎல்-4 கேட்டு வாங்கினேன். கடைக்காரர் இன்னும் என்னைக் கஞ்சன் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

வாங்கியது, கழித்தது, கூலி எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஆட்டோமேட்டிக்கைத் திறந்து பார்க்கவே கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை என்று மைத்துனர் சுட்டிக்காட்டினார். வண்டி ஓடுகிறது என்பதுதான் வித்தியாசம்.

எப்படி ஓடுகிறது? அதே எஞ்சின்தான், ஆனால் வேறு வண்டி. மூன்று கியருக்கு நடுவே மூச்சு வாங்கியது, ஐந்து கியரில் எப்போதும் ஏதோ ஒன்றில் வசதியாக நிற்கிறது. ஓசூர் நெடுஞ்சாலையில் ஐந்தாவதில் போட்டால் எஞ்சின் சத்தம் அடங்கி, கதவு ரப்பர்களின் விசில் கேட்கிறது. நந்தி மலை இறக்கத்தில் இரண்டாவதில் விட்டால் பிரேக்குக்கு வேலை குறைவு. பெட்ரோலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மிச்சமாகிறது. நெரிசலைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். டின் ஃபேக்டரி சந்திப்புப் பக்கம் மாலையில் மாட்டிக்கொண்டால் இடது கால் தன் இருப்பை நினைவூட்டுகிறது. கேபிள் கிளட்ச் இலேசானது, முதல் கியரில் ஆக்சிலரேட்டர் தொடாமலே ஊர்கிறது, அந்த வகையில் பிழைத்தேன். பாதி கிளட்சில் ஏற்றத்தில் நிற்கும் கெட்ட பழக்கம் உள்ளவர்கள் புது பிளேட்டைச் சீக்கிரமே தின்றுவிடுவார்கள். அவர்கள் மேம்பாலத்தில் கைப்பிரேக்கைப் பழகிக்கொள்வது நல்லது.

மாமா இப்போது ஏஎம்டி என்கிற புது வகை ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். 2014-இல் மாருதி செலேரியோ இந்த ஏஎம்டியோடு வந்தபோது இந்தியாவில் ஆட்டோமேட்டிக்கின் விலைக் கணக்கே மாறியது. அந்த ஏற்பாட்டில் இருப்பது நம்முடைய அதே சாதாரணக் கைப்பெட்டிதான், அதே கிளட்ச் பிளேட்தான். மிதிப்பதும் மாற்றுவதும் மட்டும் கணினி ஏவும் கருவிகளின் வேலை. மாமாவிடம் இதை விளக்கியபோது அவர் சொன்னார்: "அப்படியானால் நீ கழற்றிப் போட்ட பெடலை அவர்கள் ஒளித்து வைத்துவிட்டார்கள், அவ்வளவுதானே?" நான் கழற்றவில்லை, சேர்த்தேன் என்று திருத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு நான் மாற்றுகிற விதத்தில் குறை கண்டுபிடிக்கிறார். வாழ்நாளில் ஒருமுறையும் கியர் மாற்றாதவர்.

கழற்றிய பெட்டியை எடைக்குப் போட மனம் வரவில்லை. மைசூரில் தம் அம்மாவுக்காக இதே ஆட்டோமேட்டிக் ஜென்னை ஓட்ட வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர், பாய் மூலம் கேள்விப்பட்டு வந்து, வால்வுத் தொகுதியையும் சோலினாய்டுகளையும் கழற்றிக்கொண்டு போனார். டார்க் கன்வர்ட்டர், லிவர் தொகுதி, அகலமான பிரேக் பெடல், ஆக்சில்கள் இன்னும் லிங்கராஜபுரம் பட்டறையில் சாக்குக்கு அடியில் இருக்கின்றன. அந்த வண்டியைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். மேஸ்திரி இடம் அடைக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் வாருங்கள்.